பிறந்த வீட்டுப் பணம்

2024 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் போன் செய்தார். “மொத்தம் எவ்வளவு கடன் நிக்குது? மறைக்காமச் சொல்லு” என்றார். என் கைப்பையில் ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் அதைப் படித்துச் சொல்ல வாய் வரவில்லை.

சம்பளச் சான்றிதழ் கொடுத்து வங்கியில் வாங்கிய தனிநபர் கடனில் பாக்கி 1,60,000 ரூபாய். இரண்டு குழுக்கடன்களிலும் சேர்த்து 70,000. ஐந்து வட்டிக்கு வாங்கியது 80,000. உடன் வேலை பார்க்கும் இருவரிடம் கைமாற்று 30,000. ஆக 3,40,000. நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மாதச் சம்பளம் 19,000. ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். 80,000-க்கு மாதம் 4,000 வட்டியாக மட்டும் போகும். முதல் அசையாமல் அப்படியே நிற்கும்.

“நான் கட்டிர்றேன். நீ எதுவும் திருப்பித் தர வேணாம். அப்பா இருந்தாச் செய்ய மாட்டாரா?” என்றார் அண்ணன். அம்மா பக்கத்திலிருந்து போனை வாங்கி, “கூடப் பொறந்தவன் குடுக்கிறதை வாங்குறதுல என்னடி கௌரவக் குறைச்சல்?” என்றார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவர் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீபாவளிக்குத் திருமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு பேச்சுகள் காதில் விழுந்தன. ஒன்று அம்மா சொன்னது. அப்பா 2016-இல் இறந்தார். ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலமும் ஒரு ஓட்டு வீடும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. “அவன் இவ்வளவு செய்யுறான். நீயும் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு” என்றார். அண்ணன் இப்படிக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குத் தேவைப்படாததை அம்மாவே முன்கூட்டிச் செய்து கொடுத்தார். இரண்டாவது, மதினி பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டது: “இந்தக் கடன் ஒன்னோடதா, ஒன் வீட்டுக்காரரோடதா?”

அந்த நேரத்தில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்தபோது, இந்த விஷயத்தில் யாரும் கேட்காத ஒரே சரியான கேள்வி அதுதான் என்று பட்டது. அதே கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதில்தான் ஒவ்வொரு காலத்திலும் அந்தந்தக் காலத்து ஆண்களுக்குத் தோதாக அமைந்தது.

தர்மசாஸ்திரம் என்று கேட்டாலே நம்மில் பலருக்குப் புத்தகத்தை மூடத் தோன்றும். நியாயம்தான். ஆனால் கடனைப் பற்றி அந்த நூல்கள் சொல்வதைத் தெரிந்துகொள்ளாமல், பிறகு வந்த ஆங்கிலேயர் கால ‘இந்துச் சட்டம்’ விளங்காது. தந்தையின் கடன் மகன் தலையில் ஏறும் என்பது அவற்றின் அடிப்படை. கடன் தீர்க்காமல் செத்தவனுக்கு நற்கதி இல்லை. எனவே மகன் முதலும் வட்டியுமாகத் தீர்க்க வேண்டும், பேரன் முதலை மட்டும் தீர்த்தால் போதும். குடித்தும் சூதாடியும் வாங்கிய கடனுக்கு மகன் பொறுப்பில்லை. இவ்வளவு நுணுக்கமாக வகுத்தவர்கள் மகளைப் பற்றி என்ன சொன்னார்கள்? அவள் தந்தையின் கடனைத் தீர்க்க வேண்டியதில்லை. அவள் கடனைத் தந்தை தீர்க்க வேண்டிய கடமையும் இல்லை. மகள் கடன்படுவாள் என்ற நினைப்பே அந்தக் கணக்கில் இல்லை.

மனைவி கடன்படுவது மட்டும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி, கணவனும் மகனும் வாங்கிய கடனைப் பெண் கட்ட வேண்டாம், மனைவி வாங்கியதைக் கணவன் கட்ட வேண்டாம், குடும்பத்துக்காக வாங்கியது மட்டும் விலக்கு என்கிறது. அடுத்து ஒரு சுவையான விதிவிலக்கு வருகிறது. இடையர், கள் விற்போர், கூத்தாடிகள், வண்ணார், வேடர் ஆகியோரின் மனைவிமார் பட்ட கடனைக் கணவன் கட்டியே ஆக வேண்டுமாம். காரணம், அந்த வீடுகளின் பிழைப்பு அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது. சாதி அடுக்கின் மேலிருந்து கீழே பார்த்து எழுதிய விதிதான் இது. ஆனாலும் உழைத்துச் சம்பாதிக்கிற பெண்ணின் வாக்கை நம்பித்தான் கடைக்காரன் சரக்குக் கொடுத்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அந்த நூலுக்கே இருந்திருக்கிறது. பிழைப்பை நடத்தியவள் அவள் என்றால் கடன் அவளுடையது மட்டுமாக இருக்க முடியாது. மதினியின் கேள்விக்குக் கிடைத்த பழைய பதில்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

இந்த நூல்கள் எல்லாம் நம் ஊர்ச் சாதிகளை ஆண்டனவா என்பது வேறு விஷயம். மதுரை மாவட்டத்தைப் பற்றி 1868-இல் கையேடு எழுதிய ஜே.எச். நெல்சன் என்ற ஆங்கில அதிகாரி, இங்குள்ள மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடத் தெரியாத சமஸ்கிருத நூல்களைச் சட்டம் என்று அவர்கள் மீது சுமத்துவது தவறு என்று 1877-இல் ஒரு புத்தகமே போட்டார். நீதிமன்றம் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. வாய்வழக்காக இருந்த உரிமைகள் பல அப்படியே அமுங்கிப் போயின.

ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் மகனின் ‘புனிதக் கடமை’யை எடுத்துக்கொண்டு, அதைக் குடும்பச் சொத்தின் அளவோடு நிறுத்தின. தந்தை பட்ட கடனுக்கு மகன்களின் பங்கும் சேர்ந்து ஏலத்துக்கு வரலாம் என்று ஆனது. பெண்ணைப் பொறுத்தவரை அவள் கடனுக்கு அவளுடைய சீதனம் மட்டுமே ஈடு. 1908-இன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவில், பணக் கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்றது. 60-ஆம் பிரிவில், சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றுடன், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையையும் ஜப்தி செய்யக் கூடாது என்றது. நம் ஊரில் அது தாலி. நீதிமன்றம் தொடக் கூடாத அந்தத் தாலிக்கொடியைத்தான் நாம் அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறுகிறது. என் கழுத்தில் 2020 முதல் கயிறுதான்.

இந்தப் பாதுகாப்புகளைக் கருணை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொத்து இல்லாதவளைச் சிறையில் போட்டு என்ன வசூலிப்பது? கடனுக்குப் பொறுப்பாளியாகக்கூட எண்ணப்படாத அளவுக்கு அவள் கணக்கில் இல்லாதவள். கணவனை இழந்தவள் 1937-இன் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தால் ஒரு பங்கைப் பெற்றாள். ஆனால் அது ஆயுள் வரை அனுபவிக்க மட்டுமே. விற்க வேண்டுமென்றால் ‘சட்டத் தேவை’ இருக்க வேண்டும். கணவன் வைத்துப் போன கடன் சட்டத் தேவை. அவளாகத் தனக்கு வேண்டியதற்கு வாங்கிய கடன் தேவையா என்பதை நீதிபதி முடிவு செய்வார். அதாவது, அவனுடைய கடனை அடைக்க அவளுக்குக் கை உண்டு, தன்னுடையதை அடைக்க இல்லை.

1938-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன்களின் வட்டி நிலுவையைத் தள்ளுபடி செய்த சட்டம் அது. அதில் ஒரு விலக்கு இருக்கிறது. கடன் கொடுத்தவர் ஒரு பெண்ணாக இருந்து, அவருக்கு வேறு சொத்து எதுவும் இல்லாமல், முதல் 3,000 ரூபாய்க்கு மேல் போகாமல் இருந்தால் அந்தக் கடனுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. முதல்முறை படித்தபோது இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். விவசாயிகளின் துயரத்தைப் பேசும் ஒரு சட்டத்தின் நடுவில், நகையை விற்ற காசையோ ஜீவனாம்சமாக வந்த காசையோ நோட்டு எழுதி வாங்கி வட்டிக்கு விட்டு, அந்த வட்டியில் சாப்பிட்ட பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டத்தில் தனியாக ஒரு விதி எழுதும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இருந்திருக்க வேண்டும். இவர்களைப் பற்றி எழுத ஒரு ஆய்வு மாணவி கிடைத்தால் நன்றாயிருக்கும்.

இனி அம்மா கேட்ட கையெழுத்துக்கு வருகிறேன்.

பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வருவதற்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! தலைத்தீபாவளிச் சீர், பொங்கல் சீர், வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், பெண் சடங்கானால் மாமன் சீர், கடைசியாகக் கோடி. பிறப்பு முதல் சாவு வரை அண்ணன் தம்பிகள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுப்பதெல்லாம் பாசமாகக் கணக்காகிறது. பங்கு என்ற ஒரே ஒரு சொல்லைத் தவிர எல்லாச் சொல்லும் இருந்தது. பங்கு கேட்காமல் இருப்பதற்கான விலையாகத்தான் இந்தச் சீர் என்பதை எங்கள் வீட்டுக் கிழவிகள் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்கள். “பங்கு கேட்டா வாசல் அடைச்சுப் போகும்” என்பாள் என் அப்பத்தா. பினா அகர்வால் 1994-இல் வெளியிட்ட பெண்களின் நில உரிமை பற்றிய நூலில் இதே காரணத்தைத் தெற்காசியா முழுவதும் கண்டு எழுதியிருக்கிறார். கஷ்டம் வந்தால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்பதற்காகவே சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்து வாங்கிய ஆபத்துக்கால உதவி அது. அதையும் இலவசம் என்று சொல்லித்தான் தருகிறார்கள்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-இன் வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக ஏற்றுக்கொண்டது. பெண்ணிடம் உள்ள சொத்து ஆயுள் உரிமையாக இல்லாமல் முழு உரிமையாகும் என்றது. ஆனால் 23-ஆம் பிரிவில் ஒரு பூட்டுப் போட்டது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்கும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வாழ்பவள், விதவை இவர்களுக்கு மட்டும் அங்கே தங்க உரிமை உண்டு. கணவனோடு சேர்ந்து கடனில் மூழ்கியிருப்பவளுக்கு அதுவும் இல்லை.

தமிழ்நாடு தன் திருத்தத்தால் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனைப் போலப் பங்குதாரராக்கியது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களைச் சேர்க்கவில்லை. என் பெரியம்மா மகளுக்கு 1989 தை மாதம் கல்யாணம். இரண்டு மாதத்தில் போயிற்று என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 23-ஆம் பிரிவையும் எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தெளிவாக்கியது.

அதே 2005 திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு உட்பிரிவு உண்டு. தந்தையின் கடனைத் தீர்க்கும் ‘புனிதக் கடமை’யை மட்டும் காரணம் காட்டி, இனிமேல் வாங்கப்படும் கடன்களுக்காக மகன், பேரன் மீது நீதிமன்றம் நடவடிக்கை எடுக்காது. மகள் பங்குதாரராக உள்ளே வந்த அதே வாசல் வழியாகக் கடமை வெளியே போனது. ‘அப்பா இருந்தாச் செய்ய மாட்டாரா’ என்று அண்ணன் சொன்னதில் அந்தப் பழைய கடமையின் குரல் இருந்தது. அப்பாவின் இடத்தில் நின்று கொடுக்கிறார் அவர். ஆனால் அப்பா விட்டுப்போன நிலத்தில் எனக்கும் ஒரு இடம் உண்டு என்பது அந்தப் பேச்சில் வரவில்லை.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரங்கள் பதிவாகிக்கொண்டேதான் இருக்கின்றன. குடும்பத்தாருக்குள் என்பதால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்புச் சலுகையும் உண்டு. பங்குக்கு ஈடாகப் பணம் பெற்றுக்கொண்டதாகவோ, எதுவும் பெறாமல் அன்பின் பேரில் விட்டுக்கொடுப்பதாகவோ எழுதுவார்கள். என் கடனை அண்ணன் அடைத்த பிறகு நான் கையெழுத்துப் போட்டிருந்தால் எந்த வாசகம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அன்பின் பேரில் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் மதினியின் கேள்வி அப்படியே நிற்கிறது. கடன் யாருடையது?

நான் 2009-இல் 25 பவுனோடு வந்தேன். 18 பவுன் விற்று என் கணவர் செல்போன் கடை வைத்தார். 2020 ஊரடங்கில் கடை மூடியது. அட்வான்ஸ் பணமும் வாடகைப் பாக்கியில் கழிந்தது. வங்கிக் கடன் என் சம்பளச் சீட்டில் வாங்கியது, கடைச் சரக்குப் பாக்கியை அடைக்க. முதல் குழுக்கடன் மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இரண்டாவது குழுக்கடன் முதல் குழுக்கடனைக் கட்ட. ஐந்து வட்டிப் பணம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் போனது. நான் எனக்கென்று வாங்கியது எதுவும் அந்தச் சீட்டில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் என் கையெழுத்து இருக்கிறது.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். தமிழ்நாட்டில் பெண் பெயரில் கடன் என்பது பெரிய அளவில் தொடங்கியது 1989-இல், தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு வந்த மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில். 1992-இல் நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. தொடக்கத்தில் சேமிப்பு முன்னால் வந்தது, கடன் பின்னால். குழுவால் பேச்சும் துணிச்சலும் வந்தன என்பதை மறுக்கிறவள் இல்லை நான். என் அம்மா கையெழுத்துப் போடக் கற்றது குழுவில்தான். பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஈடு கேட்காமல், ஐந்தாறு பெண்களை ஒருவருக்கொருவர் ஜாமீனாக்கிக் கொடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். 2010-இல் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2022-இல் ரிசர்வ் வங்கி, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று விதித்தது. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. ஐந்து வட்டியைத் தடுக்க 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. எனக்கு ஐந்து வட்டிக்குக் கொடுத்தவர் ஒரு பெண். அவர் மூன்று வட்டிக்கு இன்னொருவரிடம் வாங்கித்தான் எனக்குக் கொடுத்தார்.

பழைய தென்னாற்காடு வட்டாரத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்து இஸபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் மூவரும் 2023-இல் ‘கடன்பட்ட பெண்’ என்ற பொருளுள்ள தலைப்பில் ஒரு ஆங்கில நூல் வெளியிட்டார்கள். யாரிடம் கேட்பது, எதை எதைக் கொண்டு அடைப்பது, எந்த வாசலில் எப்போது நிற்பது என்று அலைவது ஒரு வேலை. சமையலைப் போலக் கூலியில்லாமல் பெண்ணின் தலையில் விழுந்த வேலை என்பது அவர்கள் காட்டுகிற உண்மை. அதைப் படித்தபோதுதான் அண்ணன் உதவி ஏன் என்னைக் கூசவைத்தது என்று புரிந்தது. பிறந்த வீட்டில் போய் நிற்பதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். என் கணவர் வீட்டுக் கடனை அடைக்க என்னைவிட்டு என் பிறந்த வீட்டில் வசூலிக்கிறார்கள். யாரும் என்னை அனுப்பவில்லை. ஆனாலும் நான் போயிருக்கிறேன். வரதட்சணை என்று கேட்டால் குற்றமாகும் பணம், கடன் என்று வந்தால் பாசமாகிறது.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். சொல்ல ஊருக்குப் போன அன்று, அண்ணன் வயலுக்குப் போயிருந்தார். மதினி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “ஒனக்குத் தெரியணும்னு சொல்றேன். பணம் எங்க இருந்து வருதுன்னு ஒங்கண்ணன் சொன்னாரா?”

சொல்லவில்லை. ஒன்பது பவுன் அடகு வைக்க எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு சங்கிலி மதினியின் அப்பா கரும்பு போட்டு நல்ல விலை கிடைத்த வருடம் வாங்கியது. அண்ணன் கேட்டதும் கழற்றிக் கொடுத்திருக்கிறார். “குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா அது திரும்பி வருமான்னு நான் யாருகிட்டக் கேக்கிறது?” என்றார்.

இத்தனை நாளும் நான் ‘பிறந்த வீட்டுப் பணம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தது இன்னொருத்தியின் பிறந்த வீட்டுப் பணம். அண்ணன்மார் தங்கைக்குச் செய்த சீர்களில் எத்தனை, மதினிமார் கழுத்திலிருந்து வந்தவை? மொய் நோட்டில் தேடினால் தெரியாது. அதில் ஆண் பெயரும் ஊரும்தான் இருக்கும். என் வீட்டு மொய்கூட என் கணவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் விருந்து போட்டு மொய் வாங்கிக் கடனை அடைத்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் திருப்பிச் செய்வார்கள். வட்டியில்லாமல், யாரும் யாருக்கும் தலைகுனியாமல் நடக்கும் ஏற்பாடு என்று நானே வகுப்பில் புகழ்ந்திருக்கிறேன். தலைகுனியாமல் இருப்பதற்குக் காரணம் அது எழுதப்படுகிறது என்பதுதான். எழுதப்படாமல் போவது மதினியின் சங்கிலி.

சாஸ்திரம் இங்கேயும் வருகிறது. பஞ்சம், தர்மகாரியம், நோய், சிறைப்பட்ட காலம் இந்த நான்கிலும் கணவன் எடுத்த சீதனத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது யாக்ஞவல்கிய விதி. தங்கையின் கடன் அந்த நான்கில் இல்லை என்று மதினியிடம் சொன்னேன். “அப்ப அவரு எனக்குக் கடன்காரரு” என்று சிரித்தார். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சீதனம் மனைவியின் முழுச் சொத்து என்றது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் மீண்டும் அதையே சொன்னது. கஷ்டகாலத்தில் கணவன் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் தார்மீகக் கடமை உண்டு என்றது. இதையெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது மதினி குறுக்கே கேட்டார்: “அதுக்கு எழுத்து வேணும்ல?”

அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் மூவரும் உட்கார்ந்து பேசினோம். வங்கிக் கடனை நானே தவணையில் கட்டிக்கொள்கிறேன். கைமாற்றுக்கு அவகாசம் கேட்கிறேன். ஐந்து வட்டி 80,000, குழுக்கடன் 70,000 இரண்டையும் மட்டும் அடைக்க 1,50,000 வாங்கிக்கொள்கிறேன். அதற்கு நாலு பவுன் போதும். சங்கிலி பெட்டிக்குத் திரும்பட்டும். நகைக்கடன் வட்டி என்னுடையது. மாதம் 5,000 வீதம் முப்பது மாதம். நோட்டு எழுதித் தருகிறேன், மதினி பெயரில். நிலத்தில் கையெழுத்து இப்போது இல்லை. அது தனிப் பேச்சு.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அண்ணன் தங்கச்சிக்குள்ள நோட்டா? ஊரு கேட்டாச் சிரிக்காது?” அவர் வருத்தம் பொய்யில்லை. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனவர். ஊருக்குத் தெரியாமல் என் கடனை அடைத்துவிட்டால் என் மானம் காப்பாற்றப்படும் என்று மனதார நம்பினார். நான் எழுத்துக் கேட்டது அவர் அன்புக்கு விலை போட்டதாக ஆகிவிட்டது. அம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை. பொங்கலுக்கு வழக்கமாக வரும் கரும்பும் பானையும் அந்த வருடம் வந்தன. கொண்டுவந்தது அண்ணன் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். நான் செய்தது சரிதானா என்று இன்னும் சில ராத்திரிகளில் எனக்கே தெரியவில்லை. மொத்தத்தையும் சும்மா வாங்கியிருந்தால் என் பிள்ளைக்கு மாமன் வீடு பழையபடி இருந்திருக்கும்.

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதினி அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். நோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். கட்டியதைக் கட்டியவர் கைப்பட எழுதினாலோ, எழுதியதில் கையெழுத்துப் போட்டாலோதான் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கும் என்று சொல்லிவைத்தேன். அதனால் பணத்தை ஜி-பேயில் போடாமல் மாதாமாதம் முதல் ஞாயிறு பஸ் ஏறிப் போகிறேன். மதினி நோட்டைத் திருப்பி என் முன்னால் வைப்பார். தேதி, 5,000, கையெழுத்து. இதுவரை பதினோரு வரிகள் ஆகியிருக்கின்றன. போன மாதம் எழுதி முடித்ததும் அவர் நோட்டை மடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, தன் அண்ணன்கள் தோட்டத்தை விற்கப் பேசிக்கொண்டிருப்பதாகவும், அதில் தனக்குப் பங்கு வருமா என்று பார்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்றும் கேட்டார்.